துரை கொடுக்கச் சொன்ன சாக்கு

"அவளுக்கு சேக் கொடு! இன்றைக்கே!"

ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமியைக் கைத்தடியால் காட்டி, ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி அம்பிகைபாகனிடம் இங்கிலீஷில் கத்திவிட்டுப் போனார் துரை.

அவளுக்குப் பாஷை புரியவில்லை, கோபம் புரிந்தது. ஏழு மாத வயிறு. மலேரியாவில் புருஷன் போய் இரண்டு மாதம்தான். கால் வீங்கி, கொஞ்சம் உட்கார்ந்தது குற்றமாகிவிட்டது.

ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களை மூட்டை மூட்டையாக ஊருக்குக் கப்பலேற்றிய 1931-ஆம் வருஷம் அது. இங்கே ஆளை நிறுத்தும் சீட்டை எழுதி நீட்டுகிறவர் அம்பிகைபாகன்தான். யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். சீட்டுதான் என்று நினைத்துப் போனாள். சீட்டுக்குப் பதில் ஒரு கோணிச் சாக்கை நீட்டினார்.

"துரை தரச் சொன்னவர். மழைக்குத் தலையில போட்டுக்கொண்டு நாளைக்கு வேலைக்கு வா."

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் வரிசையில் அவளைப் பார்த்ததும் துரையின் முகம் சிவந்தது.

"இவளுக்கு சேக் கொடுக்கச் சொன்னேனே!"

"கொடுத்துவிட்டேன் துரை. தலையில் போட்டிருக்கிறாள், பாருங்கள்."

துரை சாக்கைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முட்டாள்! சரி, இருந்து தொலையட்டும்" என்று சொல்லி, சிரிப்பு அடங்காமலே பங்களாவுக்கு நடந்தார்.

முன்பு துரையிடம் சமையல் வேலை பார்த்துக் கொஞ்சம் இங்கிலீஷ் பழகிய, இப்போது ஆட்களை மேய்க்கும் மண்டோர் சபாபதி அவளிடம் வந்தார்.

"சேக்குன்னா சாக்கும்தான், வேலையை விட்டுத் தூக்குறதும்தான். உன்னை விரட்டச் சொன்னா, சாக்கை எடுத்துக் குடுத்திருக்காரு! பதினஞ்சு வருஷமா என்னத்த இங்கிலீஷ் எழுதினாரோ!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. தனலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம், ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தயங்கித் தயங்கிப் போய் நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்காம். தெரியாம எனக்கு நல்லது பண்ணிட்டீங்க. எல்லாரும் உங்களைப் பாத்து சிரிக்கிறாங்க, எனக்குத்தான் தாங்கல."

அம்பிகைபாகன் எழுதுவதை நிறுத்தினார். தலை நிமிரவில்லை.

"போன மாசம் மட்டும் துரை அந்தச் சொல்லைப் பதினேழு தரம் சொன்னவர், பிள்ளை. பதினேழு பேருக்கும் சரியான அர்த்தத்தில சீட்டு எழுதினது இந்தக் கைதான்."