மாடி வீட்டுச் சத்தம்

மாடி வீட்டில் மறுபடியும் டமாலென்று சத்தம். அந்த ஜோடி குடிவந்த நாளிலிருந்து இதே கூத்து. பொறுக்கமாட்டாமல் கீழ்வீட்டு அக்கா படியேறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவளிடம், "ஏம்மா, புருஷன் பொண்டாட்டின்னா சண்டை வரத்தான் செய்யும். அதுக்குன்னு சாமானைப் போட்டு உடைக்கலாமா?" என்றாள்.

"ஐயோ அக்கா, சண்டையே இல்ல!"

உள்ளே கணவன் கையில் பிளாஸ்க்கோடு நாற்காலிமேல் நின்றிருந்தான்.

"நாங்க பிளாஸ்க் தயாரிக்கிறோம். மூடி மட்டும் வெளிநாட்டுலேருந்து வந்துட்டிருந்தது. இப்ப அதையும் நாங்களே செய்யறோம். கீழே விழுந்தா விரிசல் விடுது. விடாத மூடி வர்ற வரைக்கும் ஓயமாட்டோம்க்கா."

அவன் கையை விட்டான். பிளாஸ்க் விழுந்து உருண்டது. மூடியில் கீறல்கூட இல்லை. இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீழே போட்டா மட்டும் போதுமா? ஒரு வாரம் எங்க வீட்டுல இருக்கட்டும். நாங்க சண்டைன்னா நிஜமாவே சாமானை வீசிக்கிறவங்க."