மூன்று தலைக் கண்டக்டர்

அந்த ஆன்லைன் விளையாட்டில் அரக்கர்களாக நடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சொர்ணலிங்கம் வீட்டிலிருந்தே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எரிமலைக் கோட்டையின் மூன்று தலை அரக்கனாக இருந்தார்.

ஒருநாள் வீரர்கள் வாளோடு கோட்டை வாசலில் குவிந்ததும் மூன்று வாயும் சேர்ந்து கர்ஜித்தன: “படியில நிக்காதீங்க! உள்ள ஏறி வாங்க, நடுவுல எடம் காலியாக் கெடக்கு!”

மகள் இசைவாணி வயிறு வலிக்கச் சிரித்தாள். அதைப் பதிவு செய்து, தன் பெயர் போடாமல் இணையத்தில் விட்டாள். ஊரே சிரித்தது.

மறுவாரம் கம்பெனி ஆட்கள் வந்து, இனி வசனம் பிசகக் கூடாதென்று அவர் தொண்டையில் ஒரு சிறு வில்லையைப் பதிக்க உட்கார வைத்தார்கள்.

“எந்தப் படுபாவியோ எடுத்துப் போட்டுட்டான் வாணி,” என்றார்.

“விடுங்கப்பா,” என்றாள்.

அவர் சொந்தமாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதன்பின் ஹெட்செட்டைக் கழற்றினாலும் கம்பெனி எழுதிக் கொடுத்த வசனம் மட்டுமே வந்தது.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பினாள். “போய்ட்டு வரேம்ப்பா.”

தினமும் ‘பாத்துப் போம்மா’ என்பவர், அவள் தலையை வாஞ்சையாகத் தடவினார்.

“அற்ப மானிடப் பதரே, இன்று நீ எனக்கு இரை!” என்றார் மெதுவாக.

அவள் படியிலேயே நின்றாள்.