குடித்தவர் பிழைப்பார்

"மன்னிக்கணும் சிஸ்டர், உங்க வீராங்கனை செத்தாச்சு. அடுத்த ஆளைத் தயார் பண்ணுங்க."

வக்கீல் இப்படிச் சொன்னதும் நர்ஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

அவர் நிஜ வக்கீல் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். வரிக்கு வரி வாதாடுவதால் அந்தப் பட்டம். ஞாயிறு மதியமானால் நர்ஸின் அண்ணன் வீட்டில் மூன்று பேரும் கூடிவிடுவார்கள். அண்ணன் கதை சொல்வார். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேடத்தில் அந்தக் கதைக்குள் புகுந்து விளையாடுவார்கள். குகை, பூதம், புதையல். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்று பகடை சொல்லும். மற்றதையெல்லாம் தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகம் சொல்லும்.

இன்று கடைசிக் குகை. பூதம் விட்ட அறையில் நர்ஸின் வீராங்கனை மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள். வக்கீலின் மந்திரவாதி இடுப்பில் உயிர்மருந்து இருக்கிறது. கொடுத்தாலும் பிரயோஜனமில்லையாம்!

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு? 'குடித்தவர் பிழைப்பார்.' மயங்கிக் கிடக்கறவங்க எப்படிக் குடிப்பாங்க?"

"வாயில ஊத்தினா உள்ள போகாதா?"

"அது புகட்டறது. 'புகட்டப்பட்டவர் பிழைப்பார்'னா போட்டிருக்கு?"

"அண்ணா, நீ சொல்லேன்!"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழந்தைக்குப் பால் புகட்டினா, குழந்தை பால் குடிச்சுதுன்னுதானேய்யா சொல்றோம்?"

"குழந்தை முழிச்சிட்டிருக்கே! சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. ஆஸ்பத்திரியில மயக்கமா கிடக்கறவங்க வாயில எதையாவது ஊத்துவீங்களா?"

நர்ஸ் வசமாக மாட்டிக்கொண்டாள். "மாட்டேன்... மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

"பார்த்தீங்களா! உங்க சாட்சியே என் பக்கம்!"

மூன்று மணிக்கு ஆரம்பித்தது, ஐந்தாகியும் ஓயவில்லை. அண்ணன் அகராதியைப் புரட்டினார். வக்கீல் மேசையைத் தட்டினார்.

மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று முணுமுணுத்தபடி நர்ஸ் டீ போட எழுந்தாள். சமையலறை வாசலில் இருந்த வக்கீலின் பை கால் இடறிக் கவிழ்ந்தது. ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், கூடவே நாலாய் மடித்த ஒரு தாள்.

விதிப்புத்தகத்தின் தாள். அழகாக வெட்டி எடுத்திருந்தது.

'மயங்கிக் கிடப்பவருக்குத் தோழர் புகட்டினாலும் மருந்து பலிக்கும்.'

போன வாரம் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனவர் இவர்தானே!

"வக்கீல் அண்ணே, இந்த டப்பாவைக் கொஞ்சம் திறந்து கொடுங்க!"

உள்ளே வந்தவரின் முகத்துக்கு நேரே தாளை நீட்டினாள். "என்ன திருட்டுத்தனம் இது?"

"ஐயோ, சத்தம் போடாதீங்க சிஸ்டர். இது இருந்தா ஆட்டம் மூணே காலுக்கே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சா என்ன?"

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணி மாற்றலாகி வெளியூர் போனதுலேருந்து அண்ணன் எப்படி இருக்கார்னு பார்த்தீங்களா? சுவரையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். துணைக்கு இருக்கேன்னு சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வரும். சண்டை போட்டாத்தான் முகத்துல களையே வருது. பாவம், தனியா இருக்கறவர். உங்க ஆளைச் சாக விடமாட்டேன், சத்தியமா."

நர்ஸ் தாளை மடித்து அவர் பைக்குள்ளேயே வைத்தாள்.

டீயோடு வந்து உட்கார்ந்தவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். குடித்தவர்னா முழுசாக் குடிச்சவரா, ஒரு வாய் குடிச்சாலே போதுமா?"

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. ஏழு மணிக்குத்தான் அண்ணன் வழக்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். வக்கீல் விசிலடித்துக்கொண்டே படியிறங்கினார்.

"அதுவரைக்கும் என் ஆள் குகையிலேயே கிடக்கணுமா?" என்றாள் நர்ஸ், கோப்பைகளைக் கழுவியபடி.

"கவலைப்படாதே. புகட்டினாலும் பலிக்கும். நூத்திப் பதிமூணாம் பக்கம், மூணாவது பத்தி. எனக்கு மனப்பாடம்."

கோப்பை கை நழுவப் பார்த்தது. "அப்புறம் எதுக்கு நாலு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தின?"

"சொல்லியிருந்தா அவன் அப்பவே கிளம்பியிருப்பான். பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேருந்து அவன் வீட்ல பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்ல. இருடான்னு சொன்னா இருக்க மாட்டான், ரோஷக்காரன்" என்றார் அண்ணன். "பாவம், தனியா இருக்கறவன் இல்லையா!"