மீட்க வருபவர் வீட்டுக்கு

வனத்துறை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி ரெஜினா, சன்னலோரம் கழுகுப்பாறையில் கயிறில்லாமல் ஏற அனுமதி கேட்ட மகிழன், அவனுக்கு எதிரே, அவன் விழுந்தால் மீட்க இறங்கவேண்டிய பேச்சியம்மாள்.

"உங்க உயிர், உங்க இஷ்டம். சட்டம் தடுக்காது" என்றார் ரெஜினா. "இந்த அக்கா வீட்டுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிடுங்க. உங்களைத் தூக்கப் போனவங்க திரும்பலைன்னா, ஏன்னு வீட்டுக்குத் தெரியணும்ல?"

"காப்பாத்த வரவேண்டாம்னு எழுதித் தந்துட்டா?"

பேச்சியம்மாள் சிரித்தார். "தாராளமா எழுதுங்க தம்பி. விழுந்ததும் அம்மான்னு கத்துவீங்களே, அது என் காதுல விழாம இருக்க யாருகிட்ட எழுதி வாங்குறது?"

மகிழனுக்கும் சிரிப்பு வந்தது. "சரிக்கா, கடிதம் யார் பேருக்கு?"

"என் மக பேருக்கு. ரெண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. பெரிய வார்த்தை போட்டுடாதீங்க."

அம்மா ஏன் வரவில்லை என்பதைச் சின்ன வார்த்தையில் எப்படிச் சொல்வது? மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டான். நான்காவதில் ஒரே வரி எழுதினான்: "பாப்பா, நான் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறுவேன்."

உறையை ஒட்டி, வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டான்.