சீட்டு கட்டிய துடுப்பு

மின்விசிறியின் கடகடப்பைத் தாண்டி மாஜிஸ்திரேட்டின் குரல் கேட்கவே மாட்டேனென்கிறது. குற்றவாளிக் கூண்டில் நொச்சிக்குப்பத்து மிக்கேல், படகில் நிற்பதுபோலக் கால்களை அகட்டி ஊன்றி நிற்கிறான். மீன் ஏலத்தில் நடந்த கைகலப்பில் ஒருவனுடைய மண்டையை உடைத்தான் என்று அவன்மேல் வழக்கு. உடைத்ததாகச் சொல்லப்படும் துடுப்பு, கோர்ட் சீட்டு கட்டப்பட்டு மேசையோரம் சாய்ந்திருக்கிறது. விசிறிக் காற்றில் அந்தச் சீட்டு மட்டும் ஆடுகிறது. "குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விடுதலை," என்று தீர்ப்பை வாசித்து முடிக்கிறார் மாஜிஸ்திரேட். டவாலி அடுத்த வழக்குக்காரரைக் கூப்பிட்டாயிற்று. மிக்கேல் அசையவில்லை. "இன்னா மாமா, நின்னுக்கினே கீற? உட்டுட்டாங்க, எறங்கு," என்று கூண்டருகே வந்து கிசுகிசுக்கிறாள் அவன் மனைவி ஆஷா. இறங்குகிறான். கால் தரையில் பட்டதும் கை தன்னால் துடுப்பை நோக்கி நீள்கிறது. "தொடாத நைனா. அப்பீல் டைம் முடிஞ்சாதான் குடுப்பாங்க," என்று ஏட்டு மறிக்கிறார். நீண்ட கையை ஆஷா பிடித்துக்கொள்கிறாள். காய்த்துப்போன உள்ளங்கை முழுக்க வியர்வை. பிடியை விடாமலே ஏட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். "அது இங்கியே கெடக்கட்டும் சார். இந்தக் கை வூட்டுக்கு வருதுல்ல, அது போதும்."