எடுக்காத நகல்

"ஒரு காப்பி கூடவா எடுத்து வைக்கல?" பதிப்பாளர் பதறினார்.

மேஜைமேல் எழுத்தாளரின் லேப்டாப் கிடந்தது. காலையில் டீ கொட்டியதில் உயிரை விட்டிருந்தது. எழுத்தாளர் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷ உழைப்பு சார். அடுத்த மாசம் நாவல் வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஒரு அத்தியாயமாவது கண்ணுல காட்டுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்?" பதிப்பாளர் புலம்பினார்.

"முடிக்காம யாருக்கும் காட்டற பழக்கம் இல்ல," என்றார் எழுத்தாளர், தலை நிமிராமல்.

பதிப்பாளரின் கோபம் எழுத்தாளரின் மனைவி பக்கம் திரும்பியது. அவள் பெரிய மருத்துவமனை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் அதிகாரி. நோயாளிகளின் பதிவுகள் தொலைந்துபோகாமல் தினமும் பேக்கப் எடுத்து வைப்பதுதான் அவள் வேலையே.

"ஏம்மா, ஊரார் டேட்டாவையெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறீங்க. வீட்டுக்காரர் எழுதினதை ஒரு பென் டிரைவ்ல போட்டு வைக்கணும்னு தோணலையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். தொழிலைச் சொல்லிக் குத்தியது அவளுக்கு நன்றாகவே வலித்தது.

"தோணல. என் தப்புதான்," என்றாள்.

"சரி, போகட்டும். உள்ள இருக்கற டிஸ்க்கைக் கழட்டி, ரிப்பேர் பண்றவங்ககிட்ட குடுத்துப் பாப்போம். ஏதாவது மிஞ்சியிருக்கும். நானே எடுத்துட்டுப் போறேன்." பதிப்பாளர் லேப்டாப்பில் கை வைத்தார்.

எழுத்தாளர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் பாத்துட்டேன்," என்றாள் அவள். "டிஸ்க் செத்துப்போச்சு. ஒரு எழுத்துகூடத் தேறாது. இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன், என்னை நம்புங்க."

விஷயம் தெரிந்தவளே கையை விரித்தபிறகு பேச என்ன இருக்கிறது? பதிப்பாளர் பெருமூச்சோடு எழுந்தார். "பேக்கப் எடுக்கறவங்க வீட்லயே பேக்கப் இல்ல. வெளியில சொன்னா சிரிப்பாங்க," என்று வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே போனார். சொல்லாமலும் இருக்கமாட்டார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டபின் எழுத்தாளர் மெல்ல வாயைத் திறந்தார். "நீ அந்த டிஸ்க்கைத் தொடவே இல்லையே. எதுக்கு உனக்கு இந்தப் பழி?"

செத்த லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன்னுடையதைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். "இனிமே இதுல எழுதுங்க."

உண்மையில், அவருக்குத் தெரியாமல் வாராவாரம் அந்த நாவலுக்கு நகல் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறு வருடமாக எடுத்த அத்தனை நகல்களிலும் இருந்தது ஒரே ஒரு பக்கம்தான்: மேலே தலைப்பு, அதற்குக் கீழே, 'என் மனைவிக்கு'.