ரெண்டு சைஸ் பெரிசு

"தோள் தையலைப் பாருங்க, கையில வந்து நிக்குது. உங்களுக்கு இது ரெண்டு சைஸ் பெரிசு சார்," என்றாள் தோல் ஜாக்கெட் கடைப் பெண்.

கண்ணாடி முன்னால் நின்றிருந்தவன் தோளை ஒரு முறை குலுக்கிப் பார்த்தான். "இதுதான் வேணும்."

அவள் விடவில்லை. "இது குதிரைத் தோல் சார். மாட்டுத் தோல் மாதிரி சீக்கிரம் இளகாது, அட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும். அதனாலதான் உடம்போட ஒட்டினாப்பல எடுக்கச் சொல்றோம். தொளதொளன்னு இருந்தா மடிப்பு கண்ட இடத்துல விழும். ஒரு தடவை விழுந்துட்டா அப்புறம் மாறாது."

"பழக எத்தனை நாளாகும்?"

"தினமும் போட்டா ஒரு வருஷம்."

"தண்ணில ஊறவெச்சா சீக்கிரம் ஆகாதா?"

"தோல்தான் பாழாகும். போட்டுக்கிட்டு நடங்க, கையை மடக்குங்க, வேலை செய்யுங்க. குறுக்கு வழியெல்லாம் கிடையாது."

அவன் நூலகத்தில் வேலை பார்ப்பவன். மறுநாளிலிருந்து உள்ளே இரண்டு ஸ்வெட்டர், மேலே அந்த ஜாக்கெட் என்று வந்து நின்றான். மேல் தட்டுப் புத்தகத்துக்குக் கையைத் தூக்கினால் முழங்கை மடங்க மறுத்தது. காலர் உரசி உரசிக் கழுத்து சிவந்துபோனது.

"என்னப்பா, யாரோட சண்டைக்குப் போறே?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். நாற்பது வயசுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஆசை வந்துவிட்டது என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அவனிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. அவன் அண்ணனிடம்தான் இருந்தது.

அண்ணன் மெக்கானிக். ஆள் ஆஜானுபாகு. பதினோரு வருஷமாக ஒரே குதிரைத் தோல் ஜாக்கெட். அம்மாவுக்குப் பார்வை போன பிறகு அந்த ஜாக்கெட்தான் அவளுக்குப் பெரியவன். வாசலில் தோல் முறுகும் சத்தம் கேட்டாலே முகம் மலரும். முழங்கை மடிப்புகளைத் தடவி, "வந்துட்டியா," என்பாள்.

போன வருஷம், அம்மா இதய ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வாரத்தில், அண்ணன் லாரி மோதி இறந்துபோனான். ஆஸ்பத்திரியில் ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்கள்.

இப்போதைக்கு அம்மா தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். அக்காவும் சின்னவனும் கூடிப் பேசி, பெரியவன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். போனில் அண்ணனாகப் பேசுவது சின்னவனுக்குச் சிரமமாக இல்லை.

ஆனால் அக்கா வீட்டிலிருந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "எப்படா வருவான் அவன்? ஒரு தடவை தொட்டுப் பார்த்தாப் போதும்." சாப்பாடு பாதியாகக் குறைந்துபோனது. பதில் சொல்ல முடியாமல் சின்னவன் அங்கே போவதையே குறைத்துக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்கு ஜாக்கெட் யோசனை வந்தது.

பத்து மாதம் ஆயிற்று. முழங்கையில் மடிப்புகள் ஆழமாக விழுந்தன. கையை ஆட்டினால் தோல் முனகியது. அண்ணனின் பட்டறைக்குப் போய், எண்ணெய்த் துணி ஒன்றை எடுத்துக் கைகளில் தேய்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

"வந்துட்டேம்மா."

அம்மா கைகளை நீட்டினாள். விரல்கள் ஒவ்வொரு மடிப்பாக ஏறி இறங்கின. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"வந்துட்டியா," என்று அவன் மார்பில் முகம் புதைத்து அழுதாள். பார்க்க முடியாமல் அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அவன் டீயில சர்க்கரை போட்டுடாதே," என்று அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

அண்ணனுக்கு மூன்று ஸ்பூன் வேண்டும். சர்க்கரை தொடாதவன் இவன்தான். வயசாகிவிட்டது, எல்லாம் குழம்புகிறது என்று நினைத்தபடி குடித்து முடித்தான்.

கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "சின்னவன் எங்கே, ஆளையே காணோம்?"

"வேலை ஜாஸ்திம்மா. அடுத்த வாரம் வருவான்."

அடுத்த வாரமும் பெரியவன்தான் போனான். அதற்கடுத்த வாரமும். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று அக்கா சொன்ன பிறகு நிறுத்த மனம் வரவில்லை. இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

"ஒரு நாளாவது நீ நீயா வாடா," என்றாள் அக்கா, வாசலில் வழிமறித்து.

"நான் வந்து என்னக்கா ஆகப்போகுது? அம்மாவுக்குச் சின்ன வயசிலேருந்தே அவன்தானே உசிரு. அவன் வந்தாப் போதும்."

அக்கா வழிவிட்டாள்.

அன்று அவன் கிளம்பியபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தாள். ஜாக்கெட் ஜிப்பைத் தடவிக் கண்டுபிடித்து, மெல்லக் கழுத்துவரை ஏற்றிவிட்டாள். இழுத்த கை அவன் நெஞ்சிலேயே நின்றது.

"பெரியவன் இனிமே வரமாட்டான்னு எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் அவன் காதோரமாக. "சின்னவனையாவது வரச் சொல்லு."